சகோதரன் ஐயப்பன்: தெய்வம் வேண்டாதவரின் தரும வாழ்வு

தம்மப் பிரசாரத்தின் பொருட்டு ஊர்தோறும் செல்லுங்கால் எம்மை நோக்கிப் பலராலும் எழுப்பப்படும் வினா ஒன்று உண்டு. படைத்தவன் ஒருவன் இருக்கிறான், அவன் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், தவறினால் தண்டிப்பான் என்னும் நம்பிக்கையை எடுத்துவிட்டால், மனிதன் எதற்கு அஞ்சி நல்லவனாக இருப்பான் என்பதே அவ்வினா. இதனை எழுப்புவோர் தீயவர் அல்லர். பெரும்பாலும் பிள்ளைகளை நல்வழியில் வளர்க்க விரும்பும் தாய் தந்தையரே கேட்கின்றனர். தெய்வ பயம் போய்விட்டால் பிள்ளை கெட்டுப்போவானோ என்பது அவர்தம் கவலை. ஆகலின் இவ்வினாவை ஏளனம் செய்து தள்ளிவிடுதல் முறையன்று.

வினாவுக்கு வாதத்தால் விடை கூறுவது ஒரு வழி. ஒரு மனிதரின் வாழ்வைக் காட்டி விடை கூறுவது மற்றொரு வழி. வாதத்தில் வல்லவன் வெல்வான். வாழ்விலோ உண்மை தானே வெளிப்படும். ஆதலின் மனிதனுக்குச் சாதியும் வேண்டா, மதமும் வேண்டா, தெய்வமும் வேண்டா என்று வெளிப்படையாகக் கூறி, எழுபத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்து மறைந்த ஒரு பெரியாரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுகின்றோம். மலையாள நாட்டார் அவரைச் சகோதரன் ஐயப்பன் என்று அழைப்பர். அந்நாட்டில் அப்பெயரை அறியாதார் இலர். தமிழ் மக்களுள் அறிந்தோர் சிலரே.

பிறந்த மண்

கொச்சித் துறைமுகத்திற்கு வடக்கே, மேற்கில் அரபிக் கடலும் கிழக்கில் காயலும் சூழ, நீண்டு குறுகிக் கிடக்கும் தீவு வைப்பின். 1341 ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருவெள்ளம் தோன்றிக் கரையின் அமைப்பே மாறியபோது கடல் புதிதாக வைத்த மண் இது என்பர். அவ்வாண்டினைத் தொடக்கமாகக் கொண்டு புதுவைப்பு ஆண்டு என ஓர் ஆண்டுக் கணக்கும் அங்கு வழங்கியது. கடலே புதிதாகக் கொண்டு வந்து வைத்த அம்மண்ணின் மீது மனிதர் பழைய சாதியைக் கொண்டு வந்து வைத்தனர்.

அக்காலத்துக் கேரளத்தின் நிலையை இன்றைய இளைஞர் கற்பனை செய்வதும் அரிது. தீண்டினால் தீட்டு என்பதோடு அமையாது, இத்தனை அடி நெருங்கினால் தீட்டு என்று அளந்து வைத்திருந்தனர். உயர்ந்தோர் எனப்பட்டோர் வரும் வழியில் ஈழவர் விலகி நிற்க வேண்டும். புலையர் அதனினும் தொலைவில் நிற்க வேண்டும். கொச்சி இராச்சியத்தில் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது 1854 இல்தான். சட்டம் ஒழித்த பின்னரும் சேற்றில் நின்று நெல் விளைவித்த புலையருக்கு அந்நெல் வெந்த வீட்டின் வாயிலுக்கு வரவும் உரிமை இல்லை. மேலோரால் இழிவுபடுத்தப்பட்ட ஈழவரே தமக்குக் கீழ் என எண்ணிய புலையரை இழிவுபடுத்தினர். சாதியின் சூழ்ச்சி இதுவேயாகும். மிதிபடுகிறவனுக்கும் மிதிப்பதற்கு ஒருவனைக் கொடுத்து அவனை அமைதிப்படுத்திவிடுகிறது.

இவ்வைப்பின் தீவின் வடபகுதியில் உள்ள செறாய் என்னும் ஊரில், ஈழவர் குலத்தில், வைத்தியத் தொழில் செய்த குடும்பத்தில் 1889 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஐயப்பன் பிறந்தார். தந்தையார் கொச்சாவு வைத்தியர். தாயார் உண்ணூலி அம்மையார். மழலைப் பருவத்திலேயே தந்தையை இழந்தமையால் தமையனார் அச்சுத வைத்தியரின் அரவணைப்பில் வளர்ந்தார்.

கல்வியும் குருவும்

செறாயிலும் வடபறவூரிலும் பள்ளிக் கல்வி முடித்து, கோழிக்கோட்டில் மேற்படிப்புக்குச் சேர்ந்தார். உடல்நலக் குறைவும் பொருள் முட்டும் இடையே தடுத்தன. அந்நிலையில் அவரைத் தாங்கியவர் ஸ்ரீ நாராயண குரு ஆவார். இப்பிள்ளை படிக்க வேண்டும் என விரும்பி, படிப்புக்கு உதவியும் செய்தார் அப்பெரியார். திருவனந்தபுரத்துக் கல்லூரியில் பயின்று 1916 ஆம் ஆண்டு பி.ஏ. பட்டம் பெற்றார் ஐயப்பன். அந்நகரில் மகாகவி குமாரன் ஆசானுடன் நெருங்கிப் பழகும் வாய்ப்பும் கிட்டியது. ஆனந்த தேரருக்குத் தண்ணீர் வார்த்த சண்டாளப் பெண்ணின் வரலாற்றைச் சண்டாள பிக்ஷுகி எனப் பின்னாளில் காவியமாகப் பாடியவர் அவ்வாசானே என்பது நம் அன்பர்கள் நினைவில் கொள்ளத்தக்கது.

ஒன்றை இங்கே குறித்துக்கொள்க. நாராயண குரு துறவி, தெய்வ பக்தர், கோவில்கள் பல நிறுவியவர். செறாயிலுள்ள கௌரீசுவரர் கோவிலும் 1912 இல் அவர் திருக்கரத்தால் பிரதிஷ்டை செய்யப்பட்டதே. அத்தகைய குருவின் அன்பால் படித்தவரே பின்னர்த் தெய்வம் வேண்டா என்றார். இம்முரண் எவ்வாறு தீர்ந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

செறாய்ப் பந்தி

பட்டம் பெற்றுத் திரும்பிய இளைஞருக்கு இருபத்தேழு வயது. அரசாங்க உத்தியோகத்தை நாடியிருப்பின் எளிதிற் கிட்டியிருக்கும். அவரோ வேறொன்று நினைந்தார். சாதி தீது என்று மேடையில் பேசுவோர் பலர்; வீட்டிற்குச் சென்றதும் அவரவர் பந்தியில் அமர்வோரும் அவர்களே. பேச்சால் ஆகாததை ஒரு பிடிச் சோற்றால் ஆக்கிக் காட்ட வேண்டும் என உறுதி பூண்டார்.

1917 ஆம் ஆண்டு மே மாதம் 29 ஆம் நாள். செறாயில் துண்டிடப்பறம்பு என்னும் இடத்தில் ஒரு கூட்டம் கூடியது. சாதி வேற்றுமை அறிவுக்கு ஒவ்வாதது, தீமை விளைப்பது, அதனை ஒழிக்கச் சட்டத்திற்கு மாறுபடாத வகையில் இயன்றதெல்லாம் செய்வோம் என்னும் கருத்தில் உறுதிமொழி எடுத்துக்கொண்டனர். சகோதர சங்கம் பிறந்தது. பின்னர் அனைவரும் பந்தியில் அமர்ந்தனர். புலையர் குலத்தார் இருவரும் ஈழவரோடு ஒரே வரிசையில் அமர்ந்து உண்டனர். விருந்து ஒன்றும் பெரிதன்று. சோறும், பலாக்கொட்டையும் கடலையும் சேர்த்து ஆக்கிய கறியும் மட்டுமே. பாயசமும் பப்படமும் இல்லாத அந்தப் பந்தி மலையாள நாட்டையே உலுக்கிற்று. மிசிரபோஜனம், அஃதாவது கலந்துண்ணல், என்று சரித்திரம் அதற்குப் பெயர் தந்துள்ளது.

மறுநாள் தொட்டு ஊர் கொதித்தெழுந்தது. கௌரீசுவரர் கோவிலை நடத்திவந்த ஈழவர் சபையின் பெயர் விஞ்ஞான வர்த்தினி சபை. அறிவை வளர்க்கும் சபை என்பது அப்பெயரின் பொருள். அச்சபையே ஐயப்பனையும் பந்தியில் கலந்துகொண்ட குடும்பத்தினரையும் சமுதாயத்தினின்று விலக்கி வைத்தது. அஞ்சிய சிலர், தாம் உண்ணவில்லை எனச் சொல்லி மன்னிப்புப் பெற்றனர். ஐயப்பன் பெறவில்லை. புலையன் ஐயப்பன் என்று ஊரார் அவருக்குப் பட்டம் சூட்டினர். வசைச் சொல்லாக வீசிய அப்பெயரை அவர் விருதாக ஏற்றுக்கொண்டார். ஒருவனைப் புலையன் என்று அழைப்பது வசை என்று அவன் கருதினால் அல்லவோ அவனுக்குச் சினம் வரும்? அவர் உள்ளத்தில் அவ்வேற்றுமை வேரோடு அற்றிருந்தமையால் அச்சொல் அவரைச் சுடவில்லை.

அன்பர்களே, இவ்விடத்திற் சற்று நின்று சிந்தியுங்கள். விலக்கி வைத்தவர்கள் யார்? நாள்தோறும் குளித்துக் கோவிலுக்குச் சென்று விளக்கேற்றித் தொழுதவர்கள். அவர்களுக்குத் தெய்வ நம்பிக்கை குறைவா? இல்லை. தெய்வ பயம் இல்லையா? நிரம்ப இருந்தது. அந்தப் பயம் அயலான் ஒருவனோடு உண்ணாதே என்றுதான் அவர்களைத் தடுத்ததே அல்லாமல், அயலானைப் பட்டினி போடாதே, இழிவு செய்யாதே என்று தடுக்கவில்லை. ஆயின் நம்பிக்கை தன்னளவில் இரக்கத்தைப் பிறப்பிக்கும் என்று எங்ஙனம் கூறுவது?

குருவின் கருணை

பகைவர் அதனோடு விட்டாரில்லை. இச்செயல் குருவுக்கே உவப்பில்லாதது என்று வதந்தி பரப்பினர். ஐயப்பன் நேரே ஆலுவாவிலிருந்த குருவிடம் சென்று நடந்தவற்றைத் தெரிவித்தார். குரு அவரைக் கடிந்துகொள்ளவில்லை. ஏசுவைப் போல் பொறுமை வேண்டும், பகைப்பவரிடமும் பகை கொள்ளாது நடக்க வேண்டும் என்று தேற்றி அனுப்பினார் என்பது அவர் வரலாறு எழுதியோர் கூற்று. பின்னர் 1921 இல், மனிதர் அனைவரும் ஒரே சாதியினர் ஆதலின் மதமும் உடையும் மொழியும் எதுவாயினும் ஒருவரோடு ஒருவர் கலந்து மணப்பதிலும் கலந்து உண்பதிலும் குற்றமில்லை என்று தம் கைப்படவே எழுதிக் கொடுத்தார். வதந்தி அத்தோடு வாய் மூடிற்று.

நாராயண குருவின் பெருநெறி மனிதனுக்குச் சாதி ஒன்று, மதம் ஒன்று, தெய்வம் ஒன்று என்பது. சீடரோ அம்மூன்றும் வேண்டா என்றார். குருவின் வாக்கை இவன் மறுத்துவிட்டான் என்று பலர் குருவிடம் முறையிட்டனர். குரு கோபித்திலர். வாயால் தெய்வம் இல்லை என்று கூறினும் ஐயப்பன் செய்யும் செயல்களில் தெய்வம் இருக்கிறது என்னும் கருத்தில் அவர் விடையிறுத்ததாகக் கேரளத்தில் இன்றும் வழங்குகின்றனர். மதம் எதுவாயினும் மனிதன் நன்றாக இருந்தாற் போதும் என்பதே குருவின் கொள்கை. சமயம் மாறுவது பற்றி இவ்விருவரும் நிகழ்த்திய உரையாடல் ஒன்று எழுத்தில் பதிவாகியுள்ளது. அதிலும் குரு வற்புறுத்தியது மனிதன் திருந்த வேண்டும் என்பதையே. ஐயப்பனும் குருவைத் தம் இறுதிநாள் வரை ஆசானாகவே போற்றினார். கருத்தில் வேறுபட்டும் அன்பில் வேறுபடாத இத்தகைய குருவும் சீடரும் நமக்கெல்லாம் பாடமாவர்.

எழுதுகோலும் பகுத்தறிவும்

சங்கத்தின் குரலாகச் சகோதரன் என்னும் பத்திரிகையை 1917 இலேயே மட்டாஞ்சேரியிலிருந்து தொடங்கினார். ஆண்டுகள் பல அதனை விடாது நடத்தினார். பத்திரிகையின் பெயரே அவர் பெயருடன் ஒட்டிக்கொண்டது. உடன்பிறந்தான் என்னும் பொருள்படும் சொல்லைத் தன் பெயருக்கு முன் அணியும் தகுதி எத்தனை பேருக்குக் கிட்டும்? அறிஞர், அமைச்சர், வித்துவான் என்னும் பட்டங்களைக் காட்டிலும் அது பெரிதன்றோ?

தொழிலாளரின் பொருட்டு வேலக்காரன் என்றொரு பத்திரிகையையும் அவர் நடத்தினார். ருசியாவில் 1917 இல் நிகழ்ந்த புரட்சியை மலையாள மக்களுக்கு விளக்கியோருள் முற்பட்டவர் அவர். 1929 ஆம் ஆண்டில் யுக்திவாதி என்னும் இதழ் எர்ணாகுளத்திலிருந்து வெளிவரலாயிற்று. கேரளத்தில் பகுத்தறிவுக் கொள்கைக்கென்றே தோன்றிய முதல் இதழ் அதுவே. அதன் ஆசிரியப் பொறுப்பை ஐயப்பன் ஏற்றார். ராமவர்மத் தம்பான், சி. கிருஷ்ணன், சி. வி. குஞ்ஞிராமன், எம். சி. ஜோசப் ஆகியோர் உடன் நின்றனர். இப்பெயர்களை நோக்குங்கள். ஈழவர், கிறித்தவக் குடியிற் பிறந்தவர் என வெவ்வேறு வழியில் வந்தோர் ஒரே மேசையில் அமர்ந்து எழுதினர். செறாய்ப் பந்தியின் தொடர்ச்சியே அம்மேசை எனலாம்.

அவர் தெய்வத்தை மறுத்தது வீண் அகந்தையால் அன்று. சாதிக்கு வேர் எங்கே என்று தேடிச் சென்றார். சாதி தெய்வத்தின் கட்டளை என்று சாத்திரம் கூறிற்று. கட்டளை அநீதி என்பது கண்கூடு. அங்ஙனமாயின் கட்டளையிட்டதாகக் கூறப்படும் தெய்வத்தைப் பற்றியும் மனிதன் சிந்திக்கத்தானே வேண்டும் என்றார். அண்டை வீட்டானின் துயரைக் கண்டு அவர் உள்ளம் முதலில் இளகிற்று. அந்த இரக்கமே அவரைப் பகுத்தறிவுக்குக் கொண்டு சேர்த்தது.

சட்டசபையில்

1928 முதல் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கொச்சிச் சட்டசபையில் உறுப்பினராக விளங்கினார். மருமக்கள்தாய முறையில் சிக்கித் தவித்த குடும்பங்களின் சீர்திருத்தத்திற்காகவும், சாதியும் மதமும் பாராது பதிவு செய்து மணந்துகொள்ளும் உரிமைக்காகவும் அச்சபையில் ஓயாது உழைத்தார். திருவிதாங்கூரில் ஆலயக் கதவுகள் 1936 இல் திறந்தன. கொச்சியிலோ அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் கழிந்தே திறந்தன. கோவிலுக்குட் செல்ல விரும்பாத ஐயப்பன், செல்ல விரும்பும் எளியவன் தடுக்கப்படுவதை எதிர்த்தார். தமக்கு வேண்டாத ஒன்று பிறனுக்கு உரிமையாக வேண்டும் எனப் போராடுவது பெருந்தன்மையன்றோ?

பின்னர்க் கொச்சியிலும், 1949 இல் உருவான திருவிதாங்கூர்–கொச்சி இராச்சியத்திலும் அமைச்சராக இருந்தார். கொள்கைக்கு ஒவ்வாத இடத்திற் பதவியைத் துறந்து வெளியேறினார். அதன்பின் கட்சி அரசியலை நாடாது சமூகப் பணியிலும் எழுத்திலும் காலம் கழித்தார்.

இல்லறத்திலும் அவர் சொல்லும் செயலும் ஒன்றியிருந்தன. 1930 இல் பார்வதி அம்மையாரை மணந்தார். அவ்வம்மையாரும் பின்னாளில் ஆதரவற்ற பெண்களுக்காக ஆலுவாவை அடுத்த தோட்டுமுகத்தில் ஸ்ரீ நாராயண சேவிகா சமாஜத்தை நிறுவித் தொண்டாற்றியவர். தம் மகளுக்கு ஆயிஷா எனவும், மகனுக்குச் சுகதன் எனவும் பெயரிட்டனர். ஒன்று இசுலாமியர் போற்றும் பெயர்; மற்றொன்று நம் பகவானின் திருநாமங்களுள் ஒன்று. எம்மதமும் வேண்டா என்றவர் எம்மதத்தின் நன்மையையும் வெறுத்தவர் அல்லர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

பௌத்தமும் ஐயப்பனும்

ஈழவர் இந்து மதத்தை விட்டு வெளியேறுவதே மேல் என்ற எண்ணம் 1920களில் கேரளத்தில் வலுத்தபோது, மிதவாதி கிருஷ்ணன் பௌத்தம் தழுவினார். ஐயப்பனும் சமயம் மாறுவதாயின் பௌத்தமே தக்கது என்னும் கருத்தினராய் அதன் சார்பில் வாதாடினார். சென்னையிலே அயோத்திதாசப் பண்டிதர் 1898 இல் சாக்கிய பௌத்த சங்கம் கண்டதும், 1956 அக்டோபர் 14 இல் அண்ணல் அம்பேத்கர் நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களுடன் தம்மம் தழுவியதும், இதே துயரத்தினின்று பிறந்த விடைகளே. எனினும் ஐயப்பனை நம்முடையவர் என்று உரிமை கொண்டாடி நாம் பெருமை தேடிக்கொள்ளுதல் நேர்மையாகாது. அவர் பௌத்தத்தை மதித்தார். ஆயினும் பகுத்தறிவாளராகவே வாழ்ந்தார். அதனாலேயே அவர் வாழ்வு நம் வினாவுக்குத் தக்க விடையாகிறது.

வினாவுக்கு வருவோம்

நம்பிக்கை இன்றி நல்லவனாக வாழ முடியுமா? முடியும் என்பதை ஐயப்பன் வாழ்ந்து காட்டினார். ஆயினும் அறிவுடையோர் இதற்கு இரு தடைகள் எழுப்புவர். அவற்றை மறைக்காது எடுத்துக் கூறுவோம்.

முதல் தடை இது. ஐயப்பன் நல்லவரானதற்குக் காரணம் ஸ்ரீ நாராயண குருவின் கருணை. குருவின் கருணைக்குக் காரணம் அவருடைய பக்தி. ஆகவே ஐயப்பனின் நற்குணம் பக்தி என்னும் ஊற்றினின்று கடன் வாங்கியதே என்பர். இதில் உண்மை உண்டு. அப்பெரியாரின் கை தாங்காதிருப்பின் செறாய்ப் பிள்ளை பட்டம் பெற்றிருப்பாரோ என்பது ஐயமே. பக்தி சிலரைக் கருணைக்கு அழைத்துச் செல்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. மறுப்பது நன்றிகெட்ட செயலாகும். ஆனால் குருவிடமிருந்து சீடர் பெற்றுக்கொண்டது எது? தெய்வ நம்பிக்கையை அவர் பெற்றுக்கொள்ளவில்லை, கருணையைப் பெற்றுக்கொண்டார். அந்த நம்பிக்கை இல்லாத உள்ளத்திலும் அக்கருணை ஐம்பது ஆண்டுகள் குன்றாமல் எரிந்தது. விளக்கினின்று விளக்கேற்றிய பின் முதல் விளக்கின் எண்ணெயா இரண்டாவதில் எரிகிறது? கருணை நம்பிக்கையோடும் வாழும், நம்பிக்கையின்றியும் வாழும் என்பதே இதனாற் பெறப்படும்.

இரண்டாம் தடை கடுமையானது. தெய்வம் இல்லை என்ற ஆட்சியாளர் செய்த கொடுமைகள் குறைவா என்பர். குறைவன்று. கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை, மதத்தை அழித்தொழிக்க முனைந்த ஆட்சி இலட்சக்கணக்கான உயிர்களைக் குடித்தது. பிக்குகளின் காவியைக் களைந்து விகாரைகளைப் பாழாக்கியது. தெய்வத்தை மறுத்தவன் தானே நல்லவனாகிவிடுவான் என்று எண்ணுவது, தொழுதவன் தானே நல்லவனாகிவிடுவான் என்று எண்ணுவதைப் போன்ற பேதைமையே.

அதனோடு நில்லாது நம் முற்றத்தையும் நாமே பெருக்குதல் வேண்டும். புத்த பகவானின் பெயரை நாள்தோறும் ஓதும் இலங்கையிலே, 1983 ஜூலைத் திங்களில், தமிழ் மக்களின் வீடுகளும் கடைகளும் தீக்கிரையாயின, மனிதரும் எரிந்தனர். பஞ்சசீலத்தின் முதற் சீலம் உயிர்க்கொலை தவிர்த்தல். அதனை வாயால் ஏற்றவர் பலர் வாழ்ந்த தெருக்களிலேயே அது நிகழ்ந்தது. தமிழராகவும் பௌத்தராகவும் உள்ள நமக்கு இதனைக் கூற நாக்கூசுகிறது. ஆயினும் கூறாது விடின் பொய்யாகும். எச்சமயத்தின் பெயரும், சமயமின்மையின் பெயரும், மனிதனைக் கொடுமையினின்று தானே காத்துவிடாது.

எனின் எது காக்கும்? இன்னான் என்று பாராது துன்பத்தைத் துன்பமாகக் காணும் கண் வேண்டும். கண்டபின் அதற்காகச் சிறிதேனும் தன் நலத்தை இழக்கும் துணிவும் வேண்டும். இவ்விரண்டும் உடையவன் பக்தனாயினும் நல்லவன், பகுத்தறிவாளனாயினும் நல்லவன். இல்லாதவனை எவ்வேடமும் நல்லவனாக்காது.

நாம் பஞ்சாலையில் வேலை செய்த காலத்துக் காட்சி ஒன்று இதற்குப் பொருந்தும். நூற்புப் பகுதியில் குடிநீர்ப் பானை ஒன்றே இருந்தது; ஆனால் குடிக்கும் தம்ளர்கள் வேறு வேறாக இருந்தன. எவர் எதனை எடுக்க வேண்டும் என்று எழுதி வைக்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆயுத பூசையன்று இயந்திரங்களுக்கெல்லாம் சந்தனம் தடவிப் பொட்டிட்டு மாலை சூட்டி வணங்குவார்கள். இரும்புக்குப் பொட்டிட்ட கை, பக்கத்துத் தொழிலாளி தொட்ட தம்ளரைத் தொடாது. அவர்களுள் கெட்டவர் என்று எவரையும் சொல்ல மனம் வரவில்லை. விபத்து நேர்ந்தால் ஓடிவருவார்கள். சம்பளத்தில் பகிர்ந்தும் கொடுப்பார்கள். தம்ளர் மட்டும் அவர்கள் கண்ணுக்குப் புலப்படவில்லை. பக்தி அதனைக் காட்டிக் கொடுக்கவும் இல்லை. புதிதாகச் சேர்ந்த இளைஞன் ஒருவன் ஒருநாள் கைக்கு வந்த தம்ளரில் குடித்துவிட்டு, ஒன்றுமே நடவாதது போல் வேலைக்குத் திரும்பினான். அவன் கோவிலுக்குப் போகிறவனா இல்லையா என்று எவரும் கேட்கவில்லை. இன்றும் எமக்குத் தெரியாது. சில மாதங்களில் தம்ளர்கள் கலந்துவிட்டன.

பகவான் புத்தர் கேசபுத்த நகரத்துக் காலாமர்களுக்கு அருளிய உபதேசமும் இதனையே வலியுறுத்துகிறது. கேள்விப்பட்டதாலோ, மரபு என்பதாலோ, நூலில் உள்ளது என்பதாலோ, ஆசான் கூறினார் என்பதாலோ ஒன்றை ஏற்றுக்கொள்ளாது, பேராசையும் பகையும் மயக்கமும் தீமை விளைப்பதைத் தாமே அறிந்து விலக்குமாறு பணித்தார் பகவான். அதனோடு அமையாது, வெறுப்பற்ற உள்ளத்தினனுக்கு உள்ள ஆறுதல்களையும் விளக்கினார். மறுமையும் வினைப்பயனும் உண்டெனின் அவனுக்கு நற்கதி. அவை இல்லையெனினும் இப்பிறப்பிலேயே பகையின்றித் துயரின்றி வாழ்கின்றான். பார்த்தீர்களா அன்பர்களே! மறுமையை நம்பாதவனுக்கும் அறத்தில் இடம் ஒதுக்கி வைத்த பேராசான் அவர். ஐயப்பனைப் போன்ற ஒருவர் அச்சபையில் அமர்ந்திருப்பின் எழுந்து போயிருக்கத் தேவையில்லை.

ஆகவே, பிள்ளைகளைப் பற்றிக் கவலுறும் தாய் தந்தையருக்கு நாம் கூறுவது இதுவே. பிள்ளைக்குத் தெய்வ பயம் ஊட்டுவதும் ஊட்டாததும் உங்கள் விருப்பம். ஆனால் அது போதும் என்று இருந்துவிடாதீர்கள். அயலான் வீட்டுச் சோற்றை அப்பிள்ளை கூச்சமின்றி உண்ணுகிறதா, தன் இலையருகில் எவரையும் அமர்த்துகிறதா, பிறர் அழுதால் அதன் முகம் வாடுகிறதா என்று பாருங்கள். அச்சத்தால் நல்லவனாக இருப்பவன், பார்ப்பவர் இல்லை என்று துணிந்த அன்று வழுவக்கூடும். இரக்கத்தால் நல்லவனாக இருப்பவனுக்கு இருளும் வெளிச்சமும் ஒன்றே.

முடிவு

சகோதரன் ஐயப்பன் 1968 ஆம் ஆண்டு மார்ச்சு 6 ஆம் நாள் மறைந்தார். சுவர்க்கத்தை விரும்பியோ நரகத்துக்கு அஞ்சியோ அவர் ஒரு நன்மையும் செய்தாரில்லை. ஆயினும் அவர் செய்த நன்மைகளின் பயனைத் துய்ப்போர் இன்று கேரளமெங்கும் உள்ளனர். அவர் பிறந்த செறாய் மனை இப்போது நினைவகமாக விளங்குகிறது. எந்த மண்ணில் அவர் விலக்கி வைக்கப்பட்டாரோ அதே மண்ணில், 2017 ஆம் ஆண்டில், கலந்துண்ணலின் நூற்றாண்டு விழாக் கொண்டாடப்பட்டது. எர்ணாகுளத்தினின்று வைப்பினுக்குப் பாலங்கள் வழியே இன்று பேருந்திற் செல்லலாம். கொச்சிக்குச் செல்லும் அன்பர்கள் கடற்கரையைக் கண்டு திரும்பிவிடாது, செறாய் மனையையும் கண்டு வருவார்களாக.

நினைவகம் காண்பதினும் மேலான வணக்கம் ஒன்று உண்டு. அடுத்த பௌர்ணமி வந்தனைக்குப் பின் நம் சங்கங்களில் உணவு பரிமாறும்போது, இதுவரை நம் பந்திக்கு அழைக்கப்படாத ஒருவரை அழைத்து அருகில் அமர்த்திக்கொள்வோமாக. அவர் எதை நம்புகிறார் என்று கேட்க வேண்டுவதில்லை. பசிக்கிறதா என்று மட்டும் கேட்போம்.

சர்வ ஜீவர்களும் சுகமாக வாழ்க!